அலாரமும் மேனேஜரும்

ஜூன் 3

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஏழு கோழிகள், ஒரு சேவல், எல்லோரும் நலம். உங்கள் நலமறியச் சுவரில் காது வைத்துப் பார்த்தேன். நீங்கள் தொண்டையைச் செருமியது கேட்டது. ஆகவே நலம் என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்குக் கடிதமா என்று முறைக்காதீர்கள். நீங்களும் அப்பாவும் வீட்டை நடுவில் பிரித்துச் சுவர் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளோடு பேசக்கூடாது என்பது சட்டம். எங்கள் மூன்று பேர் நம்பரையும் நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். ஆனால் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சுவரில் ஓட்டை இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

விஷயம் சேவல். பாகம் பிரித்தபோது அடைக்கு வைத்திருந்த முட்டைகளைக்கூட எண்ணிப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டீர்களே, அதில் உங்கள் பங்கில் பொரிந்தவன் மேனேஜர். எங்கள் பங்கில் பொரிந்தவன் அலாரம். இருவரும் ஒரே நிறம், ஒரே வால், ஒரே திமிர். உங்கள் மேனேஜர் தினமும் சுவர் தாண்டி வந்து எங்கள் கோழிகளை மேற்பார்வை செய்கிறார். அலாரத்துக்கு இது பிடிக்கவில்லை. கைகலப்பு வரும்போல் இருக்கிறது. கை இல்லாததால் கால்கலப்பு.

தயவுசெய்து அவரை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தைச் சுவர் மேல் ஆடிக்கொண்டிருக்கும் செங்கல்லுக்கு அடியில் வைக்கிறேன்.

உங்கள் நலமறிய ஆவலுடனும் உங்கள் சேவலுடனும்,
வாலு

*

ஜூன் 6

வாலு அவர்களுக்கு,

பொருள்: சேவல் எல்லை தாண்டுதல் தொடர்பாக.
பார்வை: செங்கல்லின் அடியில் கண்டெடுக்கப்பட்ட தங்கள் கடிதம்.

நலம். அங்கும் அவ்வாறே இருக்கும் என நம்பப்படுகிறது.

மேற்படி சேவல் எங்கள் பக்கத்தில் ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. உன் பெரியம்மா அதைக் குஞ்சிலிருந்து கையில் தீனி கொடுத்து வளர்த்தவள். அவள் கூப்பிட்டால் நாய்க்குட்டிபோல் வரும். எனவே குறை தங்கள் பக்கத்துச் சேவலிடம் இருக்கலாம். அதனை ஆராயவும்.

இறகு வெட்டினால் பறக்காது. ஒரு பக்க இறகை மட்டும் வெட்டவும்.

இந்தக் கடிதப் போக்குவரத்து உன் தகப்பனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பெரியப்பா

*

ஜூன் 19

பெரியப்பா,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. காலையில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள், சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து.

நேற்று வரை இது எனக்கு விளையாட்டு. ஒருவன் மேனேஜர், ஒருவன் அலாரம், நடுவில் கமென்டரி கொடுக்க நான். இன்று விடியும்போது இருவரும் சுவர் மேல் ஏறிவிட்டார்கள். சத்தமே இல்லை. அதுதான் திகிலாக இருந்தது. கூவவில்லை, கொக்கரிக்கவில்லை, இறகு அடிக்கும் சத்தம் மட்டும். ஒருவன் கொண்டையை ஒருவன் கவ்விக்கொண்டு தொங்கினான். சுவரின் வெள்ளையில் சிவப்பாகத் தெறித்தது. பிறகு கட்டிப் புரண்டு, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், தொப்பென்று விழுந்தன.

அப்பா ஓடிவந்து தூக்கினார். மோட்டார் ரிப்பேர் பண்ணும் கை, கிரீஸும் ரத்தமும் கலந்துவிட்டது. "இது இனிமே தேறாதுடி"ன்னார். அம்மா வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொண்டை கிழிந்து, ஒரு கண் மூடி, மார்பில் கால்முள் குத்திய ஓட்டை. அலாரம் என்று அடையாளம் சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

என்ன செய்ய வேண்டும்? உங்களுக்குத் தெரியும் என்று அம்மா சொல்கிறாள். அப்பாவுக்குத் தெரியாமல்தான் சொன்னாள்.

அவசரம். நலம் பிறகு.
வாலு

*

ஜூன் 19, மதியம்

வாலு,

எங்கள் சேவலும் அதே நிலையில்தான் உள்ளது. ஆயினும் கடைசியில் மேலே இருந்தது மேனேஜர்தான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலில் அதைத் தனியாகப் பிரி. கோழிகள் ரத்தத்தைப் பார்த்தால் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும். கூடையில் போட்டுத் துணியால் மூடி இருட்டாக வை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவு. கண்ணைப் பஞ்சால் துடை, தேய்க்காதே. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில் விடு.

ஒன்றை மட்டும் மறக்காதே. கிழிசலுக்குப் பயப்படாதே, குத்துக்குப் பயப்படு. காலின் பின்னால் இருக்கும் அந்த முள் ஊசிபோல இறங்கும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். மேலே தோல் மூடிவிட்டது, ஆறிவிட்டது என்று சந்தோஷப்படாதே. உள்ளே சீழ் கட்டும். தினமும் திறந்து பார், முகர்ந்து பார்.

பிழைத்துக்கொள்ளும்.

பெரியப்பா

*

ஜூலை 2

அன்புள்ள பெரியப்பாவுக்கும் கடிதம் படிக்காத பெரியம்மாவுக்கும்,

இங்கே மனிதர்கள் பாதி நலம். சேவல் முழு நலம். பிரச்சினையே அதுதான்.

காயம் ஆறிவிட்டது. தினமும் திறந்து பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. ஆனால் கூடையிலிருந்து வெளியே விட்டதும் அலாரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. என்னைத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைப்பக்கம் போகிறேன். அம்மா குடை. அப்பா எதுவும் எடுக்காமல் வீரமாகப் போனார், வரும்போது நொண்டினார்.

அதைவிட ஆச்சரியம், எங்கள் ஏழு கோழிகளும் சேர்ந்து அவனை அடிக்கின்றன. நேற்று வரை பின்னாலேயே சுற்றிய கோழிகள். கழுத்துப் பக்கம் மறுபடி ரத்தம். அம்மா சொன்னாள், "யாரோ வேத்தாள் வந்த மாதிரி நடத்துதுங்க பாரேன்."

சுவர் தாண்டாமல் இருக்க, நீங்கள் சொன்னபடி ஒரு பக்க இறகை வெட்டினேன். அப்பா அரம் எடுத்து முள்ளின் நுனியை மழுக்கிவிட்டார். அரக்கனுக்கு அரம். மூளைக்கு என்ன போடுவது என்று சொல்லுங்கள்.

பை கிழிந்த,
வாலு

*

ஜூலை 14

வாலு அவர்களுக்கு,

பதில் தாமதத்துக்கு அலுவல் காரணம்.

சேவல் பாய்ந்தால் ஓடாதே. ஓடினால் ஜெயித்துவிட்டதாக நினைக்கும். உதைக்கவும் கூடாது, அது சண்டைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். மேலே துணி போட்டுப் பிடித்து, கையிடுக்கில் இறுக்கிக்கொண்டு, அது அடங்கும் வரை நடந்துகொண்டே இரு. தினமும் செய்.

இங்கும் மேனேஜரின் போக்கு சரியில்லை. கையில் வளர்த்தவள் மேலேயே பாய்ந்துவிட்டது. உன் பெரியம்மாவின் வலது பாதத்தில் முள் பட்டு ஒரு சிறு கீறல். களிம்பு தடவப்பட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை.

அதை அன்றே முடித்துவிடலாம் என்றேன். அவள் ஒப்பவில்லை.

பெரியப்பா

*

ஜூலை 22

பெரியப்பா,

உங்கள் எல்லோர் நலமும் உடனே தெரிய வேண்டும். இது வழக்கமாகப் போடும் வரி இல்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள். பெரியம்மா சாயங்காலம் தானியத்தைத் தட்டில் தட்டி, "ப்பா ப்பா ப்பா" என்று உங்கள் கோழிகளைக் கூப்பிடுவார் இல்லையா? அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் அலாரம் எதை விட்டாலும் விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவரடியில் கழுத்தை நீட்டி நிற்கிறான். நான் அதேபோலக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறான். நான் உங்களைப்போலவே செருமுவேன், தெருமுனைத் தையல்காரரைப்போலவே இருமுவேன். சேவலிடம் மட்டும் பலிக்கவில்லை.

சந்தேகம் வந்தது. நீங்கள் சொன்னபடி துணி போட்டுப் பிடித்துக் காலைப் பார்த்தேன். எங்கள் அலாரத்துக்கு வலது காலில் ஒரு நகம் கிடையாது. குஞ்சாக இருந்தபோது அப்பாவின் மோட்டார் விழுந்தது. இவனுக்கு எல்லா நகமும் இருக்கிறது.

பெரியப்பா, இது மேனேஜர். அன்று கட்டிப் புரண்டு விழுந்தபோது பக்கம் மாறி விழுந்துவிட்டார்கள். ரத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை, அரம் போட்டபோதும் அப்பா முள்ளை மட்டும்தான் பார்த்தார். நாங்கள் உங்கள் சேவலுக்குச் சீழ் துடைத்திருக்கிறோம். நீங்கள் எங்கள் சேவலுக்கு. கோழிகள் அடித்தது பைத்தியத்தை அல்ல, வேற்றாளை. அவனும் வேற்று வீட்டில் விழித்துக்கொண்டதால்தான் எல்லோர் மேலும் பாய்ந்தான்.

அப்படியென்றால் பெரியம்மாவைக் குத்தியது எங்கள் அலாரம்.

உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாமா என்றே ரொம்ப யோசித்தேன், அப்பாவுக்கும் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்த்தேன். சுவர் இன்னும் உயரும்.

இன்னொன்று. நாலைந்து நாளாக அந்த "ப்பா ப்பா" கேட்கவில்லை. மேனேஜர் சாயங்காலம் சுவரடியில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறான். பெரியம்மாவுக்குச் சர்க்கரை வேறு உண்டே. கீறலா, குத்தா?

வாலு

*

ஜூலை 27

பெரியப்பா,

நலமா? என் கடிதம் செங்கல்லுக்கு அடியிலேயே இருக்கிறது. மழையில் நனைந்து மை ஓடிவிட்டது. கொடியில் பெரியம்மாவின் துணியே காயவில்லை, உங்கள் சட்டைகள் மட்டும், அதுவும் பிழியாமல்.

ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

வாலு

*

ஜூலை 29

பெரியப்பா,

உங்கள் ஆபீஸ் வாசலில் சைக்கிளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மீட்டிங் என்று வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. எங்கள் நம்பரிலிருந்து உங்களுக்குப் போன் போகாது.

நான் சுவர் ஏறிக் குதித்தேன். உங்கள் பக்கத்துச் சேவல் பாய்ந்து வந்தான். பாதியில் நின்றான். என்னைத் தெரிந்துவிட்டது. அதை நின்று ரசிக்க முடியவில்லை, சமையலறைக் கதவு திறந்திருந்தது.

பெரியம்மா தரையில் கிடந்தார். தண்ணீர் எடுக்க வந்து விழுந்திருக்கிறார், செம்பு உருண்டு கிடந்தது. உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. என்னைப் பார்த்து, "யாரு? கோழிக்குத் தண்ணி வெச்சியா?" என்றார். என் பெயர் வரவில்லை அவருக்கு. பாதத்தைப் பார்த்தேன். மேலே சின்னப் புள்ளி, மூடியிருந்தது. சுற்றிலும் கருப்பு. இரண்டு விரல் வரைக்கும் கருப்பு. அந்த வாடை எனக்குத் தெரியும், ஒரு வாரம் முகர்ந்திருக்கிறேன்.

நான் கத்தியதில் அப்பா சுவர் ஏறி வந்தார். இரண்டு வருடத்தில் முதல் முறை. "அண்ணி, அண்ணி, என்னைப் பாருங்க" என்றார். தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினால் கதவு வெளியே பூட்டியிருக்கிறது. பெரியம்மாவால் எழுந்து வந்து தாழ் போட முடியாது என்றுதானே வெளியே பூட்டிக்கொண்டு போனீர்கள்? அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா?

அப்பா சுத்தியலால் பூட்டை உடைத்துவிட்டார். மோட்டார் ஏற்றும் வண்டியில் மெத்தை போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். அம்மா கூட இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு.

மீட்டிங்கிலிருந்து எழுந்து வாருங்கள்.

வாலு

*

ஆகஸ்ட் 2

வாலு,

நீ நலமாக இருக்கிறாயா? சைக்கிளில் அழுதுகொண்டே போனாய் என்று வாட்ச்மேன் சொன்னார்.

நேற்று இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் முழங்கால் என்றார் டாக்டர். இதை எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

"எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்டேன். "ஆறிடுச்சுங்க, மூடிடுச்சு" என்பாள். போர்வைக்குள் காலை இழுத்துக்கொள்வாள். நடக்கவில்லையே என்றால் முட்டி வலி என்பாள். போர்வையை விலக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு கோழிக்கு எப்படிக் காயம் பார்ப்பது என்று உனக்கு ஒரு பக்கம் எழுதினேன்.

உன் அப்பா எனக்கு முன்பே அங்கே இருந்தான். கையெழுத்துப் போடும் இடத்தில் "உறவு?" என்று கேட்டதற்குத் "தம்பி" என்றான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஃபிளாஸ்க் வைத்திருக்கிறான். "டீ" என்றான். "ம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அந்த மேனேஜரை முடிக்க ஆள் சொல்லிவிட்டேன். உன் அப்பாவும் "முடிச்சிடலாம்" என்று தலையாட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் வருவார், கதவைத் திறந்துவிடு. பூட்டு எப்படியும் இல்லை.

பெரியப்பா

*

ஆகஸ்ட் 4

என் பெரியம்மாவுக்கு,

வலி எப்படி இருக்கிறது? ஊசி போடும் நர்ஸைக் கடித்துவிடவில்லையே? அம்மா கையில் இந்தக் கடிதத்தை மடித்துத் தருகிறேன். நீங்கள் மட்டும் படியுங்கள், பெஞ்சில் இருப்பவர்கள் கண்ணில் பட வேண்டாம்.

நான் யோசித்து யோசித்துத் தலை வீங்கிப்போயிருக்கிறேன். கொண்டை முளைக்காத குறை. உங்களைக் குத்தியது மேனேஜர் இல்லை. எங்கள் அலாரம். சேவல்கள் பக்கம் மாறிவிட்டன. அதைப் பெரியப்பாவுக்கு எழுதிய கடிதம் மழையில் கரைந்துபோனது, அவருக்கு இன்னும் தெரியாது. உங்கள் மேனேஜர் எங்கள் கொல்லையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் வந்தால் சாகப்போவது அப்பா வளர்த்தது.

இதைச் சொன்னால் பெரியப்பா, "உன் சேவல்தானேடா என் பொண்டாட்டியக் குத்துச்சு" என்பார். அப்பா, "பக்கம் மாறினது கூடத் தெரியாமத்தானே வளத்தீங்க" என்பார். பெஞ்சு இரண்டாகும். ஃபிளாஸ்க் மட்டும் நடுவில் நிற்கும். இப்போதுதான் "டீ", "ம்" வரை வந்திருக்கிறார்கள்.

சொல்லாவிட்டால் அலாரம் போய்விடுவான்.

நான் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறேன், உங்களுக்கும் தெரியும். பெரியப்பா குரலில் பால்காரரை விரட்டியது நான்தான். ஆனால் இதில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

உங்கள் காலை நினைத்துக்கொண்டே இருக்கும்,
வாலு

*

ஆகஸ்ட் 9

கண்ணு வாலு,

நல்லா இருக்கேன். காய்ச்சல் விட்டுடுச்சு. இல்லாத விரலில்தான் அரிக்குது, சொறிய இடமில்லை. நர்ஸைக் கடிக்கவில்லை. நினைத்தேன்.

நீ எழுதினது எனக்கு முதல் நாளே தெரியும்.

வாயைப் பிளக்காதே. குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவளுக்குத் தன் சேவல் தெரியாமல் போகுமா? அன்றைக்கு உன் பெரியப்பா ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு வந்து, "நம்ம ஆளு ஜெயிச்சுட்டான்"னு சொன்னபோதே பார்த்தேன், நகம் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? "என் சேவலைக் குடு"ன்னு அவர் கத்த, "எடுத்துட்டுப் போனது நீங்கதானே"ன்னு தம்பி கத்த, செத்துக்கொண்டிருந்த இரண்டையும் யார் பார்ப்பது? ஆறட்டும், ரகசியமாக உன்னிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்னு இருந்தேன். அதுக்குள் அது என்னைக் குத்திவிட்டது. அது பேரில் தப்பில்லை, நான் யாரென்றே அதுக்குத் தெரியாது.

குத்தின பிறகு சொல்லவே முடியவில்லை. தம்பி வீட்டுச் சேவல் அண்ணி காலைக் கெடுத்துவிட்டது என்று ஆகிவிட்டால் இந்த ஜென்மத்தில் அந்தச் சுவர் இறங்காது. ஆறிவிடும்னு நினைத்தேன். மூடிக்கொண்டதும் சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனம்தான், திட்டிக்கொள். சாயங்காலம் மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுவேன், அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்கட்டும்னு.

நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரையும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தராக நிற்க வைத்து எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். மூச்சு விட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை. நர்ஸ் பயந்துபோய், "யாருக்குங்க என்ன ஆச்சு?"ன்னு ஓடி வந்தாள். அவள் போன பிறகு உன் பெரியப்பா, "ரெண்டு விரலுடி" என்றார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

கறிக்கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லியாச்சு. அலாரத்தைத் துணி போட்டுப் பிடித்து உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடு. ஆனால் மேனேஜரைத் திருப்பி அனுப்பாதே. ஒரு மூலையில் வலை கட்டி, இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காதபடி தட்டி வைத்துத் தனித்தனியாக வை. காரணம் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை என்னை அனுப்புகிறார்கள். இரண்டு மாசத்துக்குப் படி ஏறக் கூடாதாம். பாகம் பிரிக்கும்போது மழைத்தண்ணி வராது என்று உன் பெரியப்பா அடம்பிடித்து வாங்கினாரே அந்த உயரமான பாதி, அதில் வாசலில் ஐந்து படி, கொல்லையில் நாலு. உங்கள் பாதியில் ஒரு படியும் இல்லை. டாக்டர் கேட்டார், "வீட்ல எப்படி, படி இருக்கா?" நான், "இல்லைங்க"ன்னு சொன்னேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

அதனால் நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். தம்பியிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். உன் அம்மாவிடம் அந்த ஜன்னல் பக்கத்து அறையைக் கூட்டி வைக்கச் சொல். என் சேவலும் அங்கேதான் இருக்கு, எனக்குப் பொழுது போகும்.

உன் பெரியப்பாவுக்கு என்னைப் பார்க்க வேண்டுமென்றால் தெரு வழியாகச் சுற்றி வந்து கதவைத் தட்டட்டும். அவர் தட்டினால் நீ ஓடிப்போய்த் திறந்துவிடாதே, வாலுத்தனம் எதுவும் பண்ணாதே, அவர் குரலில் நீயே உள்ளேயிருந்து பேசிக் குழப்பாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, உன் அப்பா எழுந்து போய்த் திறக்கட்டும்.

உன்
பெரியம்மா